பார்லிக்கு நேரே பூஜ்யம்

திங்கட்கிழமை எட்டு மணிக்கு
ரோட்டர்டாமிலிருந்து தொலைபேசியில் விலை வரும்.
பென்சிலால்தான் எழுதுவேன், அழிக்க வேண்டியிருக்குமே.
பார்லி நூறு கிலோ ஐம்பத்திரண்டு கில்டர்,
சோயாப் பிண்ணாக்கு அறுபது,
மரவள்ளி வில்லை முப்பத்தெட்டு.
முதலில் கணிப்பொறிக்குத் தீனி,
பன்றிகளுக்கு அப்புறம்.

கணிப்பொறிக்குப் பார்லி என்ற பேரெல்லாம் கிடையாது.
இத்தனை மாவு, இத்தனை புரதம், இத்தனை நார்,
அடியில் ஒரு விலை.
மாவைத் தவிர ஒன்றுமில்லாத கிழங்கு எண்பது பங்கு,
குறைகிற புரதத்துக்குச் சோயா இருபது,
கூட்டினால் நாற்பத்திரண்டு கில்டர் நாற்பது சென்ட்.
இதுவும் பார்லிதான்,
பார்லி இல்லாத பார்லி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
பிரபான்ட் மணல்மேட்டுத் தொட்டிகளில் போடுவதை
தசமப் புள்ளிக்கு அப்பால் இரண்டு இலக்கம்வரை
அளந்து போடுகிறேன், பதினொரு வருடமாக.

கால்வாயில் படகு நின்று
உறிஞ்சுகுழாய் இறங்கியதும் வெள்ளைத் தூசி எழும்.
கிழங்கின் தூசி.
கிழங்கை நான் கண்ணால் பார்த்ததில்லை.
எதிர்வீட்டு ஃபெம்கே கொடித்துணியை அள்ளிக்கொண்டு ஓடுவாள்,
எங்கள் ஆலையின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி.

ஹார்ம் என் அக்காளின் கணவர்.
வடக்கே, குரோனிங்கன் களிமண்ணில், நாற்பது ஹெக்டேர் பார்லி.
அக்காள் பிறந்தநாளுக்கு வட்டமாய் உட்கார்ந்து
காப்பி குடிக்கும்போது கேட்டார்:
"உன் கலவையில் என் பார்லி எவ்வளவு?"
பூஜ்யம் என்றேன்.
"போன வருடம்?"
அதுவும்.
கேக்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே
"என் பார்லியை வாங்கி அரசாங்கம் கிடங்கில் தூங்கவைக்கிறது,
உங்கள் பன்றிக்கு மட்டும்
பாதி உலகம் சுற்றி வந்த கிழங்கு" என்றார்.

நான் சுங்க அட்டவணையை விளக்கப் போனேன்.
தானியத்துக்கு எல்லையில் சுவர்,
உங்கள் விலை விழாதிருக்கக் கட்டியது.
கட்டியவர்களுக்கு மரவள்ளி தானியமாகத் தெரியவில்லை,
ஆறு விழுக்காடு வரியில் அதற்கொரு பொந்து விட்டார்கள்.
உங்களைத் தூக்கிப் பிடிக்கும் அதே சுவர்தான்
என் தாளுக்கு வெளியே உங்களை நிறுத்துகிறது.

அக்காள் பேச்சை வானிலைக்கு மாற்றினாள்.

தீவனத்தில் இரும்பு போய்விடாதபடி
ஓடும் வாரின்மேல் ஒரு காந்தம் தொங்குகிறது.
வெள்ளிக்கிழமை அதைத் துடைப்பார்கள்.
ஆணி, திருகு, கப்பல் துரு.
அக்டோபரில் ஒரு கத்தி.
பிடி இல்லை, விரல்நீள அலகு மட்டும்,
தீட்டித் தீட்டி நடுவில் இடுப்பு விழுந்தது.
யாரோ கிழங்கு சீவியது.
தாய்லாந்து, வடகிழக்கு, செம்மண்:
சரக்குச் சீட்டுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.
தொலைத்த அன்று எவ்வளவு நேரம் தேடினாரோ.
தாளில் கத்திக்கு வரிசை இல்லை.

லம்பெர்ட்டிடம் எழுநூறு பன்றி.
கழிவுக்குழி நிறைந்து, வயல் நிறைந்து,
இனி முடியாது என்கிறது மணல்.
கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று
செவிலி சொல்லிவிட்டுப் போனாள்.
அங்கே மண்ணிலிருந்து கழிந்தது
இங்கே மண்ணில் கூடிக்கொண்டே போகிறது.
கப்பல் திரும்பும்போது காலியாகத்தான் போகிறது.
அதற்கும் வரிசை இல்லை.

பிறகு ஏற்றுமதிக்கு அளவு வைத்தார்கள்.
ஜனவரியில் மரவள்ளி ஐம்பத்தொன்று.
கணிப்பொறி நெடுநேரம் முனகிவிட்டுப்
பார்லிக்கு நேரே மூன்றே முக்கால் என்றது.
ஹார்முக்குப் போன் செய்தேன்.
"அறுவடை முடிந்ததுமே கிடங்குக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "மூன்றே முக்காலா?" என்றார்.

இந்தத் திங்கள் மரவள்ளி ஐம்பது.
சோயா அசையவில்லை, பார்லியும் அசையவில்லை.
எண்பதுக்கு நாற்பது, இருபதுக்குப் பன்னிரண்டு,
ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு.
பதினொரு வருடத்தில் முதல்முறையாக
இயந்திரத்துக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.
வெளியே படகு காத்திருக்கிறது.
அந்தக் கத்தியை எடுத்துப்
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.